மூன்றாம் குறுக்குத் தெரு வழியாகப் பாரிஸ் வண்டி

மங்கையர்க்கரசி சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்து, பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரைக்கும் பென்சிலால் முதல் கோட்டை இழுத்த மறுநாள், திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து இருபதுக்கு, மதுரை அரசரடிப் பக்கம் மூன்றாம் குறுக்குத் தெருவுக்குள் பாரிஸ் வண்டி வந்தது. தெருவின் அகலம் பதினோரு அடி. அதில் இரண்டு பக்கமும் பைக்குகள் நின்றன, ஒரு வாசலில் வடகம் காய்ந்தது, ஆனாலும் வண்டி நுழைந்தது. ஒரு பைக் சாயவில்லை, ஒரு வடகம் நசுங்கவில்லை, இருதயராஜ் மாஸ்டர் வீட்டு முருங்கை மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்று பிறகு பழைய இடத்துக்கு வந்துகொண்டது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வண்டி இரண்டு நிமிடம் நின்றது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு பருத்த மனிதர் நீளமான ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார், ஒரு பெண் தன் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டாள், பிறகு கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன, வண்டி கிழக்கே போய் மாவு மில் திருப்பத்தில் மறைந்தது. குடங்களோடு வரிசையில் நின்ற பெண்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். வண்டி நின்ற இரண்டு நிமிடத்தில் யாருடைய குடம் யாருடைய குடத்துக்கு முன்னால் நகர்ந்தது என்பதுதான் அன்றைக்கு முழுக்கப் பேச்சாக இருந்தது.

மங்கையர்க்கரசி அப்போது வீட்டில் இல்லை, காலை ஷிஃப்டில் இருந்தாள். ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இருபத்தொன்பது வருடமாக அவளுக்கு வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டு, எதிரே விரித்த தாளில் ரயில்களைக் கோடுகளாகப் போடுவாள். குறுக்கே மணிகள், நெடுக்கே ஊர்கள், நடுவே சாய்வாக ஓடும் கோடுதான் வண்டி. கோடு செங்குத்தாக நின்றால் வேகமான வண்டி, படுத்துக்கொண்டே போனால் சரக்கு வண்டி. எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எதற்கு எது வழிவிட வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவள் கண்ணில் படாத எங்கோ சிக்னல்கள் விழுந்தன, எங்கோ லட்சம் பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இனி நடக்க வேண்டியதைப் பென்சிலால் போடுவது அந்த அறையின் வழக்கம். வண்டி உண்மையாகவே கடந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் அதன்மேல் மையால் இழுப்பார்கள். நடக்காததற்கு மை போடுவது அங்கே பொய் சொல்வதைவிடப் பெரிய குற்றம்.

இருபத்தொன்பது வருடம் பிறர் பயணத்துக்குக் கோடு போட்டவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தான் நடத்தாத ஒரு ரயிலில், தன் தாளில் இல்லாத ஊர்களுக்கு நடுவே, ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து போக வேண்டும். நம் ஊர் ரயில் எதில் ஏறினாலும், எந்த ஸ்டேஷனில் யார் பணியில் இருக்கிறார், எதிர் வண்டி எங்கே வருகிறது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். அதனால்தான் ஐரோப்பா. பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர்க், லூசெர்ன், இன்ஸ்ப்ரூக், வியன்னா என்று ஐந்து ஊர், பதினாறு நாள், எல்லாம் ரயிலில். மூன்று முறை லீவு போட்டு மூன்று முறையும் அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒரு முறை உடன் வேலை பார்த்தவரின் மகளுக்குச் சடங்கு, ஒரு முறை இன்னொருவரின் அப்பாவுக்கு ஆபரேஷன், ஒரு முறை தீபாவளிக் கூட்டம். இது நான்காவது முறை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். பத்து இருபது வண்டியை வாசலில் நின்று பார்த்தாள். பெட்டிகளை எண்ணினாள், நிற்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தாள், "ரைட் டைம்" என்றாள். அவள் கணவர் சந்தனகுமார் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட்டாக இருந்து பேசிப் பேசியே பழகியவர் என்பதால், வாயில் நுரை இருந்தாலும் பேச்சு நிற்காது.

"ஏன் மங்கை, பாரிசுல இப்ப விடிஞ்சே இருக்காதே, மணி ஏழுகூட ஆகலையே. பத்து இருபது வண்டி இப்பவே எப்பிடி வரும்?"

"நான் தாள்ல நேர வித்தியாசம் குறிக்கலைங்க. பென்சிலுக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குமேல் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. அன்று மாலை அவள் பத்து இருபது வண்டியை ரப்பரால் அழித்துப் பதினொன்று இருபத்தைந்துக்கு மாற்றிப் போட, புதன்கிழமை வண்டி பதினொன்று இருபத்தைந்துக்கு வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து, லூசெர்னுக்கு வண்டி மாற வேண்டிய பாஸெலுக்குப் போகும் வண்டியைப் போட்டாள், அது மதியம் வந்தது. சிவப்புப் பெட்டிகளோடு லூசெர்ன் வண்டி மூன்றரைக்கு வந்து பால்காரரின் மணிச் சத்தத்தோடு சேர்ந்து போயிற்று. இன்ஸ்ப்ரூக் வண்டி வரும்போது அதன் கூரைமேல் பனி இருந்தது, தெருவில் இருந்த வெயிலுக்கு அது உருகிச் சொட்ட, சலவைக் கல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை நீட்டி நனைத்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் தெரு இதற்குப் பழகிவிட்டது. தோசைக்கு ஊறப்போடுவது பாரிஸ் வண்டிக்கு, அரைப்பது பாஸெல் வண்டிக்கு என்று ஆயிற்று. மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வியன்னா வண்டி போகும் இரைச்சலில் சொல்லிக்கொள்ள மருமகள்கள் கற்றுக்கொண்டார்கள். கதவு திறக்கும்போது நாலைந்து பேர் ஏறியும் பார்த்தார்கள். ஏறியவர்கள் அந்தப் பக்கக் கதவு வழியாக எதிர்வீட்டு வாசலில் இறங்கி நின்றார்கள். "டிக்கெட் இல்லாம ஏறினா அப்பிடித்தான்" என்று தெரு அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், வார்டு கவுன்சிலர் வந்து தன் வீட்டு வாசலிலும் ஒரு ஸ்டாப்பிங் கேட்டார், மாவு மில்காரர் திருப்பத்தில் 'ரயில் வருது பாத்துப் போங்க' என்று எழுதிவைத்தார். அவித்த கடலை விற்கும் பேச்சியம்மாளுக்குத்தான் ஆரம்பத்தில் மனவருத்தம்.

"என்னடி ரயில் இது, ஜன்னலத் தொறக்க முடியலையே" என்றாள் மங்கையர்க்கரசியிடம். "உள்ள ஒரு தாத்தா கடலையப் பாத்து எச்சி முழுங்குறான். நான் வெளிய நிக்கிறேன். நடுவுல கண்ணாடி. பாவம் யாருக்குச் சேரும்?"

"அந்த ஊர் வண்டி அப்பிடித்தான் பேச்சிக்கா. ஏசி."

"ஏசி என்னத்துக்கு, அதான் கூரையில ஐசைச் சுமந்துட்டு வருதே."

ஆனாலும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கடலை வாங்கியதில் பேச்சியம்மாளின் கூடை நான்கு மணிக்கே காலியாயிற்று. தாத்தாவை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

கோடு மங்கையர்க்கரசி கையில் இருப்பது தெரு முழுக்கத் தெரிந்த பிறகு ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது தண்ணி லாரி டிரைவர். பதினொன்று இருபத்தைந்துக்கு லாரி வரும் நேரமாம், பாரிஸ் வண்டி குறுக்கே நிற்கிறதாம். அவள் ஒரு நொடி தாளைப் பார்த்து, பாரிஸ் வண்டியை நாற்பது நிமிடம் தள்ளிப் போட்டாள். டியூஷன் டீச்சர் வந்து பாஸெல் வண்டிச் சத்தத்தில் பிள்ளைகள் கணக்கில் தப்பு விடுகிறார்கள் என்றார். பாஸெல் வண்டி காலைக்குப் போயிற்று. கைக்குழந்தைக்காரி ஒருத்தி லூசெர்ன் வண்டியைக் குழந்தை விழித்திருக்கும்போது விடச் சொன்னாள். கோடி வீட்டுப் பெரியவர் இறந்த அன்று பாடை தெருவைத் தாண்டும்வரை வியன்னா வண்டியை மாவு மில்லுக்கு அப்பால் நிறுத்திவைத்தாள். உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றதைப் பார்த்துத் தெரு அவர்களை மிகவும் மரியாதை தெரிந்தவர்கள் என்று பேசிக்கொண்டது.

பிறகு ஊர்கள் வந்தன. தெரு நலச் சங்கத் தலைவர் இருதயராஜ் மாஸ்டர், பணி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஒரு கிலோ திராட்சையோடு வந்தார்.

"மங்கை, இவ்வளவு தூரம் போறீங்க. ரோமாபுரிய விட்டுட்டா எப்பிடிம்மா? முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்திருக்கேன். ஒரு தடவை வண்டியாச்சும் வந்து போகட்டுமே."

அவள் ரோமைப் போட்டாள். தையல் கடைக்காரர் மிலானைக் கேட்டார், அங்கேதான் நல்ல துணி என்றார். மருந்துக் கடைக்காரர் மகள் பிராகைக் கேட்டாள், காரணம் சொல்லவில்லை. ஐந்து ஊர் பதினெட்டு ஊராயிற்று. சந்தனகுமார் வருகிறவர்களுக்கு எல்லாம் காபி போட்டுக் கொடுத்தார், தாளைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார், வாழ்க்கையில் முதல்முறையாகப் பாலிசி எடுக்கச் சொல்லாமலே ஆட்கள் தன் வீட்டுக்கு வருவதில் பூரித்துப்போனார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. "எல்லா ஊரும் வாசலுக்கே வந்துட்டுப் போகுது. நாம எதுக்கு அங்கிட்டுப் போகணும்? எனக்கு முட்டி வலி வேற."

அவள் ரசம் ஊற்றினாள்.

விசாவுக்குச் சென்னை போக வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமைக்குள் எல்லா டிக்கெட்டும் உறுதியாகி, எந்த நாள் எந்த ஊர் என்று காகிதத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் லீவும் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தாளைத் துடைத்து விரித்துவைத்து, அலுவலகத்தில் ஷிஃப்ட் மாறும்போது முந்தையவரின் தாளை வாசிப்பதுபோல, இது வேறு யாரோ போட்டது என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தாள். அழகான தாள். ஒரு வண்டியோடு ஒரு வண்டி முட்டவில்லை. தண்ணி லாரிக்கு வழி இருந்தது, டியூஷனுக்கு அமைதி இருந்தது, குழந்தைக்கு வேடிக்கை இருந்தது. பிறகு அவள் இரண்டு பயணிகளை அதில் ஏற்றிப் பார்த்தாள். அந்தத் தாளின்படி பாரிஸில் ஏறும் இருவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பத்தொன்பது மணி நேரம் பிளாட்பாரத்தில் கிடக்க வேண்டும், ஏனென்றால் பாஸெல் வண்டி காலையிலேயே போய்விட்டது. பாஸெலில் இரண்டு நாள். ரோமுக்குப் போனால் திரும்ப வழியில்லை. பதினாறாம் நாள் அவர்கள் வியன்னாவுக்கு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே பார்வையில் அவளுக்கு விளங்கியது. விரைவு வண்டிகளுக்கு எல்லாம் வழிவிட்டுவிட்டுப் பக்கத்துத் தண்டவாளத்தில், லூப் லைனில், ஒரு சரக்கு வண்டியை மணிக்கணக்காக நிறுத்திவைப்பார்களே, அதுபோல அவள் தன்னையே நிறுத்திவைத்திருந்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. கேட்டவர்கள் கேட்டார்கள், வேலைப் பழக்கத்தில் கை தானாக வழிவிட்டது. மூன்று லீவுகளும் இப்படித்தான் போயின என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஒரு கெட்டிக்காரியின் பிழையைக் கண்டுபிடித்த இன்னொரு கெட்டிக்காரிக்கு வரும் சிரிப்புதான் வந்தது. அவள் ரப்பரை எடுத்தாள். மாலை நாலு மணிக்குத் தாளில் ஐந்து ஊர்கள் இருந்தன, பாரிஸ் வண்டி பழையபடி பத்து இருபதுக்கு. மறுநாள் மை போட்டு டிக்கெட் எடுக்கப்போவதாகக் கணவரிடம் சொன்னாள்.

ரோம் வண்டி வராத செய்தி ஐந்து மணிக்குத் தெருவுக்குத் தெரிந்தது. ஐந்தரைக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம். மாஸ்டர்தான் பேசினார்.

"போக வேணாம்னு சொல்லலம்மா. போங்க. ஆனா பென்சில்லயே வச்சிருங்க. மை போட்டா வண்டியெல்லாம் நிஜமாயிரும்னு குமார் சொல்றாரு. நிஜமான வண்டி இங்க எதுக்கு வரும்? அது அதோட ஊர்லதான ஓடும்?"

"ஆமா மாஸ்டர். அங்கதான் ஓடும்."

"அப்ப இந்தத் தெரு?"

"போன மாசம் எப்பிடி இருந்துச்சோ அப்பிடி இருக்கும்."

"அதெப்பிடி இருக்கும்?" என்றார் தையல் கடைக்காரர். "போன மாசம் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல."

அதில் ஒரு நியாயம் இருப்பதை அவள் ஒத்துக்கொண்டாள். குழந்தைக்காரி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள், அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. பேச்சியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏன் மங்கை, நீ ஒருத்தி அங்க போய் ஒக்காறதுக்கு நாங்க இத்தனை பேரு வெறுந்தெருவப் பாக்கணுமா?"

சந்தனகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையைக் காட்ட நிறுத்திக்கொண்டார்.

"ஆமாக்கா" என்றாள் மங்கையர்க்கரசி. "நான் ஒருத்தி போய் ஒக்காறதுக்குத்தான். இருபத்தொம்பது வருசமா நான் வண்டி விட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு வண்டியில ஏறிக்கிறேன்." பிறகு, பணியில் ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் பேசும் அதே நிதானமான குரலில், "பென்சில் என்கிட்ட மட்டுமா இருக்கு? முக்குக் கடையில அஞ்சு ரூவா. ரோம் வேணும்னா நீங்க போடுங்க மாஸ்டர். நீங்க போட்டா நீங்க நினைச்ச மாதிரி வரும். நான் போட்டா தண்ணி லாரிக்கு ஒதுங்கித்தான் வரும்" என்றாள்.

கூட்டம் கலைய நேரமாயிற்று, ஆனால் கலைந்தது. திங்கட்கிழமை காலை அவள் பேனாவை எடுத்தாள். நடக்காததற்கு மை போடக் கூடாது என்ற விதியை இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மீறி, பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர்க், செப்டம்பர் ஒன்பது, காலை பத்து இருபது என்று இழுத்தாள். கணினியில் டிக்கெட்டை உறுதி செய்தாள். அடுத்த கோடு, அடுத்த டிக்கெட். அன்று பன்னிரண்டு ஐந்துக்குத் தெருவில் பாரிஸ் வண்டி வரவில்லை. ஆட்கள் மட்டும் பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள், இரண்டு நிமிடம் கழித்து நடந்தார்கள். குழந்தை மூன்று நாள் அழுதது, நான்காம் நாள் ஒரு பூனையைக் கண்டுபிடித்தது.

மாஸ்டரின் ரோம் வண்டி அடுத்த வாரம் வந்தது. வழியில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் நின்று பேசிவிட்டுப் போகிறவர் போட்ட கோடு என்பதால் அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றது, தெருவைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, மாஸ்டர் அதன் கூடவே நடந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் வரலாறு சொன்னார். தையல் கடைக்காரரின் மிலான் வண்டி இரண்டு முறை வந்துவிட்டு நின்றுபோனது. அவருக்கு அளவெடுக்கப் பொறுமை உண்டு, நேரம் பார்க்கப் பொறுமை இல்லை. பிராக் வண்டி எப்போது வருகிறது என்று மருந்துக் கடைக்காரர் மகள் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சியம்மாளுக்குக் கோடு போட வராது. அவள் சிலேட்டில் ரயிலையே படமாக வரைந்தாள், சக்கரங்கள் கோணலாக, ஜன்னல்கள் மட்டும் பெரிது பெரிதாக, கதவில்லாத திறந்த ஜன்னல்களாக. அது எந்த ஊர் வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. அது ஆடி ஆடி வந்து நின்றதும் கைகள் நீண்டன, அவள் கடைசி ஜன்னல்வரை ஓடி அந்தத் தாத்தாவைத் தேடி, கண்டு, பொட்டலத்தை அவர் மடியில் போட்டுவிட்டுத்தான் மூச்சு வாங்கினாள்.

மங்கையர்க்கரசி கிளம்பிய அன்று வழியனுப்ப யாரும் பெரிதாகக் கூடவில்லை, எல்லோரும் ரோம் வண்டிக்குக் காத்திருந்தார்கள். "போயிட்டு வா, குளிரும், காதை மூடு" என்று பேச்சியம்மாள் சொன்னாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பாரிஸில் பத்து இருபது வண்டி புறப்பட்டது. ஜன்னலோர இருக்கை. முதல் ஒரு மணி நேரம் அவளுடைய விரல் மடிமேல் கோடு போட்டுக்கொண்டே வந்தது, பிறகு அது தானாக ஓய்ந்தது. அறுவடை முடிந்த ஒரு வயல்வெளியின் நடுவே, ஸ்டேஷன் எதுவும் கண்ணில் படாத இடத்தில், வண்டி மெதுவாகி நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் நீளமாக எதையோ சொன்னது, பெட்டியில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

சந்தனகுமார் முட்டியைத் தடவிக்கொண்டே அவள் பக்கம் குனிந்தார். "ஏன் மங்கை, நடுக்காட்டுல நிக்குது?"

"தெரியலையேங்க" என்றாள்.

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு ரயிலைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை மடக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி, அறுத்த பயிரின் தாள்களுக்கு நடுவே, எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்தவரைப்போலத் திரும்பி நடந்துகொண்டிருந்தார். வயலின் கடைசி வெகுதூரத்தில் இருந்தது. அவர் அங்கே போய்ச் சேரும்வரை வண்டி நின்றால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

நின்றது.